ஒன்பது மாதம் ஊரில் இல்லை: வேலையை என்ன செய்வது, வீட்டை என்ன செய்வது?

போன மாதம் ஒரு வாசகி கேட்டிருந்தார்: "அக்கா, நானும் என் வீட்டுக்காரரும் அடுத்த வருஷம் எட்டு மாதம் வெளிநாடு சுற்றிவிட்டு வரலாம் என்று இருக்கிறோம். பணம் சேர்த்தாயிற்று. வேலையை விடுவதா, லீவு கேட்பதா, வீட்டைப் பூட்டுவதா, வாடகைக்கு விடுவதா? நாலு மாதமாகப் பேசிப் பேசி அதே இடத்தில் நிற்கிறோம்." இதே கேள்வியைப் பலரும் கேட்டுவிட்டதால் விரிவாகவே எழுதுகிறேன்.

நாங்கள் 2023 ஏப்ரல் கடைசியில் கிளம்பினோம். 2024 பொங்கலுக்கு மூன்று நாள் முன்னால் திரும்பினோம். நான் சம்பளமில்லா விடுப்பில் போனேன், என் கணவர் வேலையை விட்டுவிட்டு வந்தார். வேளச்சேரியில் அடுக்ககத்தின் முதல் மாடியில் இருக்கும் எங்கள் வீட்டைப் பூட்டிவிட்டுப் போனோம். என் நாத்தனார் குடும்பம் வேறொரு வருஷம் இதே மாதிரி கிளம்பியபோது கோவை வீட்டை வாடகைக்கு விட்டார்கள். அதனால் இரண்டு பக்கக் கணக்கும் எனக்குத் தெரியும்.

## எதை வைத்து முடிவு செய்வது

முதல் கேள்வி, திரும்பி வரும் தேதி எவ்வளவு உறுதி என்பது. "ஜனவரி 12 அன்று சென்னையில் இறங்குகிறோம்" என்று சொல்ல முடிந்தால் ஒரு வழி. "மனசு போகிறபடி பார்க்கலாம், ஒரு வருஷமும் ஆகலாம்" என்றால் முற்றிலும் வேறு வழி. மற்ற எல்லாம் இதன் பின்னால்தான் வரும்.

இரண்டாவது, விசாவுக்குக் காட்ட என்ன காகிதம் இருக்கிறது. மூன்றாவது, உங்களையும் உங்கள் பெற்றோரையும் இப்போது எந்த மருத்துவக் காப்பீடு தாங்குகிறது. நான்காவது, நீங்கள் ஊரில் இல்லாவிட்டாலும் நிற்காத மாதச் செலவு எவ்வளவு: கடன் தவணை, அடுக்ககப் பராமரிப்பு, சொத்து வரி, காப்பீட்டு பிரீமியம். ஐந்தாவது, அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வடகிழக்குப் பருவமழையில், உங்கள் வீட்டுக்குள் போய்ப் பார்க்க யார் இருக்கிறார்கள்.

வரிசையும் முக்கியம். வேலையை முதலில் முடிவு செய்யுங்கள், வீடு அப்புறம். விடுப்புக் கடிதத்தில் உள்ள தேதிதான் வீட்டை என்ன செய்வது என்பதைச் சொல்லும். பலர் வீட்டில் ஆரம்பித்து, தரகரிடம் பேசி, அட்வான்ஸ் வாங்கிய பிறகு ஆபீசில் லீவு கிடைக்காமல் தவிக்கிறார்கள்.

## வேலை: சம்பளமில்லா விடுப்பு

விசாவுக்கு இதைவிட உதவுவது எதுவும் இல்லை. ஷெங்கன் விசாவுக்கு (ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் சேர்த்து ஒரே விசா) அண்மைச் சம்பளச் சீட்டுகளும், இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை விடுப்பு என்று அலுவலகம் தரும் கடிதமும் கேட்பார்கள். இவர் திரும்பி வருவார் என்பதற்கு அந்தக் கடிதமே சாட்சி. ஷெங்கன் விசாவைப் பொதுவாக நாம் குடியிருக்கும் நாட்டில்தான் விண்ணப்பிக்க வேண்டும். பாங்காக்கில் உட்கார்ந்துகொண்டு ஐரோப்பா விசா வாங்கிவிடலாம் என்று நினைக்காதீர்கள். பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம் என்பதால், ஐரோப்பாவை உங்கள் பயணத்தின் முன்பகுதியில் வைத்து, கிளம்பும் முன்பே விசாவை வாங்கிவிடுங்கள். நாங்கள் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஐரோப்பாவை வைத்தது இதனால்தான்.

ஒப்புதல் பெற்ற விடுப்பு பணித் தொடர்ச்சியை முறிக்காது. ஐந்து வருஷம் முடியாமல் நான்கு, நான்கரை வருஷத்தில் நிற்கிறவர்களுக்கு இது பெரிய விஷயம், ஏனென்றால் பணிக்கொடைக்கு (கிராஜுவிட்டி) பொதுவாக ஐந்து வருஷத் தொடர்பணி வேண்டும்.

இதில் மறைந்திருக்கும் செலவு என்ன? எனக்கு ஒரு வருஷச் சம்பள உயர்வு போயிற்று. மிச்சம் வைத்திருந்த ஈட்டிய விடுப்பை முதலில் தீர்த்த பிறகே சம்பளமில்லா விடுப்பு தொடங்கும் என்றார்கள், அதுவும் போயிற்று. மனதில் பட்ட செலவு வேறு. டிசம்பரில் வியட்நாமின் ஹோய் ஆனில் இருந்தபோது, இன்னும் ஒரு மாதம் இருந்தால் லாவோஸையும் பார்த்துவிடலாம் என்று தோன்றியது. என் தேதி அசையாது. கணவர் மட்டும் போகட்டும் என்று சொல்லவும் மனம் வரவில்லை.

வாய்ப்பேச்சை நம்பிக் கிளம்ப வேண்டாம். திரும்பும் தேதி, அதே பதவியா, அலுவலகக் குழுக் காப்பீடு இடையில் தொடருமா, அதன் பிரீமியத்தை யார் கட்டுவது ஆகிய நான்கும் எழுத்தில் இருக்கட்டும். அரசு ஊழியர்கள் விடுப்பு ஒப்புதலோடு வெளிநாடு செல்லத் துறையின் முன் அனுமதியும் தனியாக வாங்க வேண்டும். கோப்பு நகர மாதங்கள் ஆகும் என்பதை மனதில் வைத்து விண்ணப்பியுங்கள்.

யாருக்குச் சரி: பத்து மாதத்துக்குள் திரும்புகிறவர்கள், திரும்பும் தேதி உறுதியாக உள்ளவர்கள், பல நாடுகளுக்கு விசா எடுக்க வேண்டியவர்கள்.

## வேலை: ராஜினாமா

சுதந்திரம் இதில்தான் இருக்கிறது, மறுக்கவில்லை. என் கணவருக்குப் பதினான்கு வருஷ வேலைக்குப் பிறகு ஒரு முற்றுப்புள்ளி தேவைப்பட்டது. திரும்பி வந்து நான்கு மாதத்தில் வேறு வேலையில் சேர்ந்தார். அந்த நான்கு மாதத்தையும் பயணச் செலவில் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். "எட்டு மாதப் பயணம்" என்று பட்ஜெட் போடுகிறவர்கள் பன்னிரண்டு மாதத்துக்குப் போடுங்கள்.

விசா விண்ணப்பத்தில் அவர் ராஜினாமா செய்ததை மறைக்கவில்லை, மறைக்கவும் கூடாது. அதனால் அவருக்குக் கூடுதல் காகிதம் வைக்க வேண்டியிருந்தது: மூன்று வருஷ வருமான வரிக் கணக்கு, வீட்டுப் பத்திர நகல், எங்கள் கூட்டுக் கணக்கின் வங்கி அறிக்கை, என் விடுப்புக் கடிதம். இருவரும் சேர்ந்தே ராஜினாமா செய்திருந்தால் எங்கள் விண்ணப்பம் இவ்வளவு வலுவாக இருந்திருக்காது.

யாரும் முன்கூட்டிச் சொல்லாத செலவு காப்பீடு. என் மாமியார் என் கணவருடைய அலுவலகக் குழுக் காப்பீட்டில் இருந்தார். சர்க்கரையும் பிரஷரும் உள்ளவர். கடைசி வேலை நாளோடு அந்தப் பாதுகாப்பு முடிந்தது. புதிதாகத் தனிப் பாலிசி எடுத்தால், ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு வருஷக் கணக்கில் காத்திருப்புக் காலம் ஓடும். குழுக் காப்பீட்டிலிருந்து அதே நிறுவனத்தின் தனிப் பாலிசிக்கு மாற வழி இருக்கிறது. ஆனால் வேலையை விடும் முன்பே அதற்கு விண்ணப்பித்துவிட வேண்டும். நாங்கள் செய்தோம். அந்த வருஷ பிரீமியம் எங்கள் ஐரோப்பா விமான டிக்கெட்டில் ஒருவருக்கு ஆனதைவிட அதிகம். இருந்தாலும் அதைக் கட்டியதற்காக ஒரு நாளும் வருந்தவில்லை.

இன்னொன்று, பி.எஃப். பணத்தைத் தொடாதீர்கள். வேலையை விட்டதும் எடுத்துப் பயணத்தில் போடத் தோன்றும். ஐந்து வருஷம் முடியாமல் எடுத்தால் வரியும் சேரும்.

யாருக்குச் சரி: எப்படியும் வேலை மாற நினைத்திருந்தவர்கள், திரும்பும் தேதி தெரியாதவர்கள், தங்கள் துறையில் எளிதாக வேலை கிடைக்கும் என்று அனுபவத்தில் அறிந்தவர்கள்.

## வேலை: போகிற இடத்திலிருந்தே பார்ப்பது

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீண்ட சுற்றுப் பயணத்துக்கு இது ஒத்துவராது என்பதே என் எண்ணம். சுற்றுலா விசா வேலை பார்க்கும் அனுமதி அல்ல. அலுவலக லேப்டாப்பை நாட்டுக்கு வெளியே எடுத்துப் போகப் பல நிறுவனங்கள் விடுவதில்லை. நேரமும் உதைக்கும்: கோடையில் பாரிசில் இருந்தால், நம் காலை ஒன்பதரை மணி மீட்டிங் அங்கே காலை ஆறு மணிக்கு. கிழக்கே போனால் பரவாயில்லை. தாய்லாந்து 2024-இல் கொண்டுவந்த டி.டி.வி. விசா இப்படிப்பட்டவர்களுக்கானது, ஐந்து வருஷம் செல்லும், ஒரு தடவைக்கு 180 நாள் தங்கலாம், கணக்கில் ஐந்து லட்சம் பாட் காட்ட வேண்டும். ஒரே ஊரில் மூன்று நான்கு மாதம் தங்கி வாழ்ந்து பார்க்க விரும்புகிறவர்கள் யோசிக்கலாம். ஊர் ஊராகப் போகிறவர்களுக்கு இதில் ஊரும் பார்த்த மாதிரி இருக்காது, வேலையும் பார்த்த மாதிரி இருக்காது.

## வீடு: மூன்று வழிகளும் ஒரே பார்வையில்

| | பூட்டிவிட்டுப் போவது | வாடகைக்கு விடுவது | உறவினரை இருக்கச் சொல்வது |
|---|---|---|---|
| கையில் வருவது | எதுவும் இல்லை | வாடகை | எதுவும் இல்லை |
| கிளம்பும் முன் வேலை | இரண்டு வாரம் | இரண்டு மாதம் | ஒரு வாரம் |
| பாதியில் திரும்ப நேர்ந்தால் | நேராக வீட்டுக்கு | தங்க வேறு இடம் வேண்டும் | சேர்ந்து தங்கலாம் |
| மழைக்காலம் | கவலை அதிகம் | உள்ளே ஆள் உண்டு | உள்ளே ஆள் உண்டு |
| மறைந்த செலவு | ஈரம், பூச்சி, பேட்டரி | பெயின்ட், தரகு, சாமான் வைக்க இடம், வரி | கேட்க முடியாத கேள்விகள் |
| எவ்வளவு காலத்துக்கு | ஆறு முதல் ஒன்பது மாதம் வரை | ஒரு வருஷத்துக்கு மேல் | எவ்வளவுக்கும், ஆள் அமைந்தால் |

## பூட்டிவிட்டுப் போவது

பூட்டிய வீடு சும்மா இருக்கும் என்றுதான் நாங்களும் நினைத்தோம். ஆள் இல்லாத வீடு மெல்ல மெல்லக் கெடும். எதிர் வீட்டு அக்கா இல்லையென்றால் எங்கள் வீடு என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துக்கொள்வேன்.

முதல் மாதம் முடிந்ததும் அவர் போன் செய்தார்: "உள்ளே சாக்கடை நாத்தம் அடிக்குது, கரப்பான் வேற." காரணம் சின்னது. குளியலறைத் தரையில் தண்ணீர் போகும் ஓட்டைக்குக் கீழே உள்ள வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். அதுதான் சாக்கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் உள்ள தடுப்பு. யாரும் தண்ணீர் விடாவிட்டால் வெயிலில் அது வற்றிப்போகும், வழி திறந்துகொள்ளும். அப்புறம் பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு சொம்பு தண்ணீரும் மேலே ஒரு ஸ்பூன் தேங்காய் எண்ணெயும் விடச் சொன்னோம். எண்ணெய் மிதந்தால் தண்ணீர் சீக்கிரம் வற்றாது. அதோடு நாற்றம் நின்றது.

2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் வந்தது. வேளச்சேரி எப்படி மிதந்தது என்று எல்லாரும் செய்தியில் பார்த்திருப்பீர்கள். ஹோய் ஆனில் ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து அக்காவின் போனுக்கு மாற்றி மாற்றி அடித்துக்கொண்டிருந்தோம். கரன்ட் இல்லை, டவர் இல்லை. இரண்டு நாள் கழித்து அக்கா கிடைத்தார். நாங்கள் முதல் மாடி என்பதால் வெள்ளம் உள்ளே வரவில்லை. ஆனால் பால்கனி வடிகுழாய் இலைக் குப்பையில் அடைத்து, தண்ணீர் கதவுக்கு அடியில் ஹாலுக்குள் வந்திருந்தது. அவர் மகன் முழங்கால் தண்ணீரில் நடந்து கடைக்குப் போய் மெழுகுவத்தி வாங்கி வந்து, அந்த வெளிச்சத்தில் எங்கள் ஹாலைத் துடைத்திருக்கிறான். ஆகஸ்டிலேயே பால்கனிக் குழாயைச் சுத்தம் செய்யச் சொல்லியிருந்தால் அந்தப் பையனுக்கு அந்தச் சிரமம் வந்திருக்காது.

திரும்பி வந்து கதவைத் திறந்தபோது அந்துருண்டை வாசனையும் ஈரப் பழைய வாசனையும் கலந்து வந்தது. தோல் பெல்ட், செருப்பு, கைப்பை எல்லாவற்றிலும் சாம்பல் பூத்த மாதிரி பூஞ்சை. இன்வெர்ட்டர் பேட்டரி செத்திருந்தது. கார் பேட்டரியும் அப்படியே. இரண்டும் சேர்ந்து இருபதாயிரம் ரூபாயைத் தாண்டியது. பட்டுப் புடவைகளை மட்டும் அம்மா வீட்டில் கொடுத்திருந்தேன், அவை தப்பின.

பூட்டுகிறவர்கள் அவசியம் செய்ய வேண்டியவை:

- உள்ளூர்க் காவல் நிலையத்தில், இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை வீடு பூட்டியிருக்கும் என்று எழுதிக் கொடுங்கள். ரோந்தில் பார்ப்பார்கள்.
- வீட்டுக் காப்பீடு இருந்தால், தொடர்ந்து பல நாள் ஆள் இல்லாவிட்டால் திருட்டுக்கு இழப்பீடு உண்டா என்ற நிபந்தனையைப் படியுங்கள். பல பாலிசிகளில் அதற்கு வரம்பு உண்டு.
- நகையை லாக்கரில் வையுங்கள். அதைச் சாவி வைத்திருப்பவர் பொறுப்பில் விடுவது அவருக்கே பாரம்.
- பிரிட்ஜைக் காலி செய்து, துடைத்து, கதவைத் திறந்தபடி விடுங்கள்.
- கேஸ் ரெகுலேட்டரைக் கழற்றுங்கள். வீட்டுக்கு வரும் தண்ணீர் வால்வை மூடுங்கள்.

சாவி வாங்கிக்கொள்பவருக்கு என்ன கொடுப்பது? அக்கா பணம் வாங்க மறுத்துவிட்டார். அவருடைய அப்பாவின் கண் அறுவை சிகிச்சைக்குப் பிறகு பத்து நாள் அவர்கள் வீட்டுக்கு நான் சமைத்துக் கொடுத்தேன். உங்களுக்கு அப்படி ஒருவர் இல்லையென்றால், மாதம் இரண்டு முறை வீட்டைத் திறந்து பெருக்கித் துடைக்க, உங்களுக்குப் பழக்கமான பணிப்பெண்ணுக்குச் சம்பளத்தை நிறுத்தாமல் கொடுங்கள். திரும்பி வரும்போது அவரும் உங்களுக்கு இருப்பார்.

## வாடகைக்கு விடுவது

"சும்மா கிடக்கிற வீட்டுக்கு மாதம் இருபதாயிரம் வருமே" என்று எல்லாரும் சொல்வார்கள். நாத்தனார் வீட்டுக் கணக்கை உட்கார்ந்து போட்டுப் பார்த்தோம். பதினோரு மாதத்துக்கு 2,20,000 ரூபாய். தரகு ஒரு மாத வாடகை 20,000. பெயின்ட் 30,000. சாமான்களை வாடகை அறையில் வைக்க மாதம் 4,000 வீதம் 44,000. ஏற்றி இறக்க, போக வர 24,000. மிச்சம் 1,02,000. வாடகை வருமானத்தில் 30 சதவீதம் கழித்து மீதிக்கு வரி. 20 சதவீத அடுக்கில் இருப்பவர்களுக்கு அது சுமார் 31,000. கடைசியில் கையில் நின்றது எழுபதாயிரம் சொச்சம், அதாவது மாதம் ஆறரை ஆயிரம். பராமரிப்புக் கட்டணத்தைக் குடியிருப்பவர் கட்டினார், அது கூடுதல் மிச்சம்.

இதே கணக்கை இரண்டு வருஷத்துக்குப் போட்டால் மாதம் கிட்டத்தட்ட பத்தாயிரம் நிற்கிறது, ஏனென்றால் தரகும் பெயின்டும் ஏற்று கூலியும் ஒரே தடவைதான். ஒரு வருஷத்துக்குக் குறைந்த பயணத்துக்கு வாடகை பெரிய வருமானம் இல்லை என்பது இதிலேயே தெரிகிறது. வீட்டுக் கடன் தவணை ஓடிக்கொண்டிருப்பவர்களுக்கு அந்த ஆறரை ஆயிரமும் தேவைதான். அவர்கள் தாராளமாக விடலாம்.

தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகார அமைப்பில் பதிவும் செய்ய வேண்டும். குடியிருப்புக்கு அட்வான்ஸ் பொதுவாக மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. வெளிநாட்டில் இருக்கும்போது ஒரு தகராறு வந்தால் அந்தப் பதிவுதான் உங்கள் கைக்காவல். வெறும் முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கி நிறுத்திவிடாதீர்கள். கிளம்பும் முன், வாடகை விஷயங்களுக்கு மட்டும் என்று வரம்பு போட்டு, நம்பிக்கையான ஒருவர் பேரில் அதிகாரப் பத்திரம் எழுதுங்கள். எல்லாவற்றுக்குமான பொது அதிகாரம் கொடுக்க வேண்டாம்.

சிலர் கேட்கிறார்கள், ஆறு மாதத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்தால் என்.ஆர்.ஐ. ஆகிவிடுவோமா என்று. வேலைக்காகப் போகாமல் சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள், அந்த நிதியாண்டில் 60 நாளும் அதற்கு முந்தைய நான்கு வருஷத்தில் மொத்தம் 365 நாளும் இந்தியாவில் இருந்திருந்தால் பொதுவாக இங்கே குடியிருப்பவர்கள்தான். நாங்கள் அந்த வருஷம் நூறு நாள் இங்கே இருந்தோம். வழக்கம்போலத்தான் கணக்குத் தாக்கல் செய்தோம்.

நாத்தனாருக்கு வந்த சிக்கல் வேறு. அவர்கள் திரும்பிய பிறகு, குடியிருந்தவருக்கு வேறு வீடு அமைய மூன்று வாரம் ஆனது. நல்ல மனிதர், கைக்குழந்தை வேறு. சொந்த ஊரில், சொந்த வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி, பெட்டிகளோடு மூன்று வாரம் சர்வீஸ் அபார்ட்மென்டில் இருந்தார்கள்.

## உறவினரை இருக்கச் சொல்வது

வீட்டில் தினமும் விளக்கு எரிய வேண்டும் என்று நினைக்கிறவர்களுக்கும், செடி, நாய், பூனை இருப்பவர்களுக்கும் இதுதான் வழி. சென்னையில் முதல் வேலை கிடைத்த அண்ணன் மகனோ, கல்லூரி கடைசி வருஷம் படிக்கும் தங்கை மகளோ இருந்தால் இருவருக்கும் நல்லது.

ஆனால் பணம் பேசாத இடத்தில் மனத்தாங்கல் வரும். ஈபி பில் யார் கட்டுவது, நண்பர்கள் வந்து தங்கலாமா, எங்கள் படுக்கையறையைத் திறக்கலாமா, நாங்கள் வருவதற்கு எத்தனை நாள் முன்னால் காலி செய்வது? இவற்றை ஒரு தாளில் எழுதிப் பிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டுப் போன ஒரு சித்தியை எனக்குத் தெரியும். அந்தப் பையனுக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. "சித்தி, தெளிவா இருக்கு, எனக்கும் நிம்மதி" என்றானாம்.

## எந்த வழியானாலும் ஒன்று

உங்கள் இந்திய சிம் உயிரோடு இருக்க வேண்டும். வங்கி ஓ.டி.பி. அதில்தான் வரும். 90 நாள் பயன்படுத்தாமல் போட்டால் எண் போய்விடலாம். ரோமிங்கில் எஸ்.எம்.எஸ். வருகிறதா என்பதை முதல் நாட்டில் இறங்கியதும் சோதித்துப் பாருங்கள். பயணக் காப்பீட்டையும் இந்தியாவை விட்டுக் கிளம்பும் முன்பே எடுங்கள். ஒரே பயணத்துக்கு அதிகபட்சம் எத்தனை நாள் என்று பாலிசியில் பாருங்கள், பலவற்றில் 180 நாளோடு நிற்கும். பென்ஷன் வாங்கும் பெற்றோரை அழைத்துப் போகிறவர்கள் நவம்பர் உயிர்வாழ் சான்றிதழை மறக்க வேண்டாம். போனில் முகத்தைக் காட்டியே கொடுத்துவிடலாம்.

## கேட்ட வாசகிக்கு

உங்களுக்கு எட்டு மாதம், இருவருக்கும் வேலை, கடன் முடிந்த வீடு. உங்கள் இடத்தில் நான் இருந்தால் இருவரில் ஒருவராவது விடுப்புக் கடிதம் வாங்குவேன், வீட்டைப் பூட்டுவேன், சாவியை எதிர் வீட்டில் கொடுப்பேன். கிளம்பும் மாதத்தை மட்டும் எங்களைப் போல் வைக்காதீர்கள். தைப் பொங்கல் முடிந்ததும் கிளம்பினால் எட்டு மாதம் புரட்டாசி பிறக்கும்போது முடிகிறது. ஐரோப்பாவின் வசந்தமும் கோடையும் நடுவில் அமையும். முதல் மழை விழும்போது உங்கள் பால்கனிக் குழாயில் இலை அடைத்திருக்கிறதா என்று நீங்களே குனிந்து பார்க்கலாம்.